நிற்கும்போது மட்டும் உதறிய கார்: 86,000 ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு சின்னத் தகடும்

86,000 ரூபாய். அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட்டின் கடைசி வரியில் இருந்த தொகை அது. நான்கு இன்ஜெக்டர்கள், ஒரு டர்போ, லேபர் உட்பட. படத்துக்குக் கீழே அப்பா ஒரே ஒரு வரி டைப் செய்திருந்தார். ‘வித்துடலாமா கண்ணு?’

கார் 2011 மாடல். 1.3 லிட்டர் டர்போ டீசல் ஹேட்ச்பேக். நாமக்கல்லில் கூட்டுறவு சங்கம் ஒன்றில் கிளார்க்காக இருந்த அப்பா, ஐந்து வருட லோன் போட்டு வாங்கியது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பழைய கார் வாங்கி விற்பவரிடம் விசாரித்தால், ‘நல்லா ஓடினா 1,40,000 தரலாம். இந்த ஆட்டத்தோட 90,000 தாண்டாது’ என்றாராம். 90,000 ரூபாய் காருக்கு 86,000 ரூபாய் வேலை. கால்குலேட்டரைக் கேட்டால் விற்கத்தான் சொல்லும்.

ஆனால், அம்மாவைக் கேட்க வேண்டுமே! இரண்டு வருடங்களாக அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். பஸ் படி ஏற முடியாது. மாதத்துக்கு இரண்டு முறை சேலத்துக்குப் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். போக வர 100 கிலோமீட்டர். வாடகைக் கார் என்றால் காத்திருப்புக் கட்டணத்தோடு 2,500 ரூபாய். சேலத்துக்கு எப்படியாவது ஏற்பாடு செய்துவிடலாம். ராசிபுரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ, ‘சும்மா ஒரு எட்டு போயிட்டு வரலாம்’ என்று கிளம்புவதற்கோ யார் வாடகைக் கார் எடுப்பார்கள்? கார் உதற ஆரம்பித்த மூன்று மாதங்களில், போனில் அம்மா பேசும் பேச்சிலிருந்து சித்தி, கோயில், கல்யாணம் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்துபோயிருந்தன. அந்தக் கார்தான் அம்மாவின் கால்.

எப்போது உதறுகிறது?

பிரச்னை இதுதான். ஓடும்போது கார் நன்றாக இருக்கும். சிக்னலில் நின்றால் போதும், ஸ்டீயரிங் நடுங்கும். ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி இரண்டாகத் தெரியும். கதவில் வைத்த தண்ணீர் பாட்டில் ‘கடகட’வென்று ஆடும். மெக்கானிக்குகள் இதை ‘ஐட்லிங் ஆட்டம்’ என்பார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும் வேகம்தான் ஐட்லிங். இந்த மாதிரி டீசல் கார்களில் அது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுகள்.

அப்பா போன ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஸ்கேனர் போட்டார்கள். ‘உள்ளே வரும் காற்றின் அளவு குறைவு’ என்று காட்டியது. உடனே காற்றை அளக்கும் சென்சாரை மாற்றினார்கள். 6,200 ரூபாய். ஆட்டம் அப்படியே இருந்தது. ‘அப்ப இன்ஜெக்டர்தான். டர்போவும் வீக்கா இருக்கு’ என்று அடுத்த எஸ்டிமேட் வந்தது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அப்பா கேட்கவில்லை. டாக்டரிடமும் மெக்கானிக்கிடமும் எதிர்க்கேள்வி கேட்காத தலைமுறை அவருடையது.

ஒரு சம்பவத்தைப் பற்றி எழுதும்போது எங்கள் டெஸ்க்கில் முதலில் கேட்பது ‘எப்போது, எங்கே, யார் பார்த்தது’ என்றுதான். அதையே அப்பாவிடமும் கேட்டேன். ‘எப்பவும்தான் ஆடுது’ என்றார். ‘எப்பவும்னா எப்பப்பா? ஒரு வாரம் குறிச்சு வைங்க’ என்றேன். 34 வருடம் லெட்ஜர் எழுதிய மனிதர். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கட்டம் போட்டுவிட்டார். தேதி, நேரம், முள் காட்டும் அளவு, ஏ.சி. உண்டா இல்லையா, புகை.

ஏழு நாள்களில் அந்த நோட்டு, ஸ்கேனர் சொல்லாத நாலு விஷயங்களைச் சொன்னது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் ஐந்தாறு நிமிடங்கள் ஆட்டமே இல்லை. டெம்பரேச்சர் முள் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆடும்போது ஆர்.பி.எம். முள்ளும் 700-க்கும் 950-க்கும் நடுவே அலைகிறது. 1,500-க்கு மேல் போனால் அடங்கிவிடுகிறது. சட்டென்று மிதித்தால் கறுப்புப் புகை. லிட்டருக்கு 19 கொடுத்த வண்டி 15-க்கு இறங்கிவிட்டது.

இதில் முள் விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பாடி அதிர்கிறது, ஆனால் முள் அசையாமல் நிற்கிறது என்றால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினுக்குள் கோளாறு இல்லாமலேகூட வண்டி ஆடும். முள்ளும் சேர்ந்து அலைந்தால், எரிபொருள் எரியும் விதத்திலேயே ஏதோ ஒழுங்கு தப்பியிருக்கிறது. அதேபோல, குளிர்ந்த நிலையில் மட்டும் ஆடி, சூடானதும் அடங்கினால், குளிர் ஸ்டார்ட்டுக்கு உதவும் குளோ பிளக்கைச் சந்தேகிக்கலாம். எங்கள் கார் அதற்கு நேர் எதிர். குளிரில் சமர்த்து, சூட்டில் அடம்.

டர்போ மேல் விழுந்த பழி

பழைய டர்போ கார் என்றாலே, எந்தக் கோளாறு வந்தாலும் பழி டர்போ மேல்தான் விழும். டர்போ ஒன்றும் மந்திரப் பெட்டி அல்ல. வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலையும் கூட்டி எரிக்கலாம். சின்ன இன்ஜினிலிருந்தே பெரிய இழுவை கிடைக்கும். சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது.

முழு வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுற்றும். ஆனால், கார் சிக்னலில் நிற்கும்போது வெளியேறும் புகையே கொஞ்சம்தான். டர்போ கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. வேலையே செய்யாத நேரத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு டர்போவை முதல் குற்றவாளியாக நிறுத்துவது எப்படிச் சரியாகும்? டர்போ போனால் பெரும்பாலும் ஓடும்போதுதான் தெரியும். இழுவை குறையும், ஊளைச் சத்தம் வரும், நீலப் புகை வரும், ஆயில் குறையும்.

சனி, ஞாயிறு லீவில் ஊருக்குப் போனேன். நாமக்கல் லாரிகளின் ஊர். டீசல் இன்ஜினின் நாடி பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர், பரமத்தி ரோட்டுப் பக்கம் டீசல் பம்ப், நாசில் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினார். 60 வயதைத் தாண்டியவர். முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

‘ஏனுங்க சார், இதை எழுதினது நீங்களா? இப்படி ஒருத்தரு எழுதிக்கிட்டு வந்தா எங்க வேலை பாதி முடிஞ்சுதுங்க’ என்றார். அப்பா முகத்தில், ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டபோதுகூட அப்படி ஒரு பெருமையைப் பார்த்ததில்லை.

விலை குறைந்த சோதனையில் ஆரம்பம்

அடுத்த இரண்டு மணி நேரமும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவர் செய்ததெல்லாம் செலவில்லாத சோதனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சந்தேகமாக வெளியே அனுப்பியதுதான்.

முதலில் பானட்டைத் திறந்து, ஏ.சி.யைப் போட்டும் அணைத்தும் இன்ஜின் குலுங்குவதைப் பார்த்தார். மவுன்ட்டுகள் நன்றாக இருந்தன. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரியான ஒரு ட்யூபை மாட்டி, டீசலோடு காற்றுக் குமிழி வருகிறதா என்று கவனித்தார். ஒரு குமிழிகூட இல்லை. ‘இதுவரைக்கும் எல்லாம் நல்ல பிள்ளைங்க’ என்றார்.

அடுத்தது இன்ஜெக்டர். ‘லாரியில எல்லாம் நாசில் பைப் நட்டை ஒண்ணொண்ணா லூஸ் பண்ணிப் பார்ப்பாங்களே, அப்படியா?’ என்று அப்பா கேட்டார். மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். ‘அது பழைய இன்ஜினுக்குங்க சார். இதுல அந்த வேலை பண்ணினா கை போயிரும்.’

அவர் சொன்னது மிகையில்லை. இந்தக் கார்களில் இருப்பது காமன் ரெயில் முறை. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் பயணிகள் காருக்கு வந்த தொழில்நுட்பம். ஒரே குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கிவைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர்கள் பீய்ச்சும். அந்த அழுத்தம் 1,600 பார் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ. என்றால், இது 23,000 பி.எஸ்.ஐ.க்கு மேல். அந்த நட்டை இன்ஜின் ஓடும்போது தளர்த்தினால், ஊசி மாதிரி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வீட்டில் சொந்தமாக ரிப்பேர் பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்தக் குழாய்களைத் தொட வேண்டாம்.

அவர் செய்தது வேறு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் உபயோகித்தது போக மீதி டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ட்யூப் ஒன்று உண்டு. நான்கு ட்யூப்களையும் நான்கு ஒரே மாதிரியான பாட்டில்களில் விட்டு, சூடான இன்ஜினைச் சில நிமிடங்கள் ஐட்லிங்கில் ஓடவிட்டார். ஏதாவது ஒரு பாட்டிலில் மட்டும் மற்றதைவிட நிறைய டீசல் சேர்ந்தால், அந்த இன்ஜெக்டர் உள்ளே ஒழுகுகிறது என்று அர்த்தம். நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அதன் பிறகு ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்று பார்த்தார். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘நாலும் ஒண்ணா ஒழுங்காத்தான் இருக்குது. எதுக்கு மாத்தணும்?’

டர்போவுக்குள் காற்று போகும் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ‘அம்மிணி, பக்கவாட்டுல நூல் அளவு ஆடும். அது இருக்கோணும். உள்ளே வெளியே ஆடினாத்தான் ஆபத்து.’ உள்ளே வெளியே அசைவே இல்லை. சக்கரத்தின் இறக்கைகள் எங்கும் உரசியிருக்கவில்லை. அரை மணி நேரத்தில் 86,000 ரூபாயின் பெரும்பகுதி எஸ்டிமேட்டிலிருந்து இறங்கிவிட்டது.

உண்மையைச் சொன்ன சென்சார்

மிச்சம் இருந்தது அப்பாவின் நோட்டு சுட்டிக்காட்டிய இடம். ‘குளிர்ல ஆடாம, சூடானா ஆடுது, கறுப்புப் புகை வருது, காத்து கம்மின்னு ஸ்கேனர் சொல்லுது. மூணையும் சேர்த்துப் பாருங்க’ என்றார். அந்த இடத்தின் பெயர் ஈ.ஜி.ஆர். வால்வு.

வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் வால்வு அது. கேட்க வேடிக்கையாக இருக்கும். எரியும் சூட்டைக் கொஞ்சம் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைப்பதற்காக அந்த ஏற்பாடு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு பொதுவாக மூடியிருக்கும். சூடான பிறகுதான் திறக்கும். தேவையான அளவு திறந்து, தேவையில்லாதபோது மூட வேண்டும். கரி படிந்து சிக்கிக்கொண்டால், திறந்த வால்வு சரியாக மூடாது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு. அதிலும் பாதி இடத்தைப் புகை பிடித்துக்கொண்டால், நல்ல காற்று எங்கே போகும்? மூச்சுத் திணறுகிறது. அந்தத் திணறல்தான் நமக்கு ஆட்டமாகத் தெரிகிறது.

இப்போது ஸ்கேனர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். ‘உள்ளே வரும் காற்று குறைவு.’ நூற்றுக்கு நூறு உண்மை! புகை இடத்தை அடைத்துக்கொண்டதால் புதுக் காற்று குறைந்திருந்தது. சென்சார் அதைச் சரியாகத்தான் அளந்து சொன்னது. ஒர்க்‌ஷாப்பில் உண்மை சொன்ன சாட்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு, 6,200 ரூபாய்க்குப் புதுச் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவும் அதே வாக்குமூலத்தைத்தான் கொடுத்தது.

‘மிஷின் காட்டுறது வலி எங்கன்னுதான் அம்மிணி. நோவு எங்கன்னு நாமதான் தேடோணும்’ என்றார் மெக்கானிக்.

நோவு அங்கேதான் இருக்கிறது என்பதையும் அவர் சும்மா சொல்லிவிடவில்லை. ஈ.ஜி.ஆர். குழாய் சேரும் இடத்தில், பேக்கிங் அளவுக்கு வெட்டிய ஒரு சின்னத் தகட்டை வைத்து வழியைத் தற்காலிகமாக அடைத்தார். இன்ஜினைச் சூடாக்கினார். பத்து நிமிடம் காத்திருந்தோம். முள் 820-ல் ஒட்டவைத்த மாதிரி நின்றது. அப்பா ஸ்டீயரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு போன் போட்டு, பேசாமல் இன்ஜின் பக்கம் நீட்டினார்.

வால்வைக் கழற்றினால் உள்ளே தார் பூசியது மாதிரி கரி. இரண்டு விரல் நுழையவேண்டிய காற்றுவழியில் சுண்டு விரலுக்குக்கூட இடமில்லை. ‘அந்தத் தகட்டையே நிரந்தரமா வெச்சுட்டா என்னங்ணா? நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்களாமே’ என்று கேட்டேன். ‘பண்ணலாம். வண்டி நல்லாவும் ஓடும். புகை டெஸ்ட்டுலயும் சிக்காது. ஆனா அந்த விஷக் காத்து ரோட்டுல வர்ற குழந்தைங்க மூக்குக்குத்தான் போகும். நமக்கு வேண்டாம்ங்க’ என்றார். நமது சாதாரணப் புகைப் பரிசோதனை டீசல் காரில் பார்ப்பது புகையின் அடர்த்தியைத்தான். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு அதில் மாட்டாது. தகட்டை எடுத்துவிட்டு, வால்வையும் காற்றுவழியையும் சுத்தம் செய்து, புதுப் பேக்கிங்கோடு திரும்ப மாட்டினார்.

ஆட்டம் நின்றாலும் இழுவை முழுசாகத் திரும்பவில்லை. மறுபடி தேடியதில், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் ஒரு மயிரிழை விரிசல். ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது. அழுத்திய காற்று அது வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அதையும் மாற்றினார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒவ்வொன்றாகச் செய்து ஓட்டிப் பார்த்ததால்தான் எது எதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஹோஸ், கிளிப், பேக்கிங், டீசல் ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 5,350 ரூபாய்.

கரி ஏன் சேர்ந்தது?

பில் கொடுக்கும்போது அவர் கேட்ட கேள்வி எங்களை யோசிக்க வைத்தது. ‘வண்டி தினமும் எவ்வளவு தூரம் ஓடுதுங்க?’

அம்மாவுக்கு முட்டி வலி கூடியதிலிருந்து நீண்ட பயணங்கள் குறைந்தன. கார் உதற ஆரம்பித்ததும், வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சேலத்துக்கு வாடகைக் கார். வீட்டுக் கார் மார்க்கெட், ரேஷன் கடை, மருந்துக் கடை என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே வீடு வந்துவிடும். டீசல் இன்ஜினுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. மெதுவான ஓட்டத்தில் வரும் கரியும், இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். கெட்டுவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருந்ததும் கோளாறைக் கூட்டியிருக்கிறது.

டீசல் விலை குறைவாக இருந்த காலத்தில் நம் ஊரில் ஏராளமான குடும்பங்கள் இந்த மாதிரி சின்ன டர்போ டீசல் கார்களை வாங்கின. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது பல சின்ன டீசல் கார்கள் நின்றே போயின. வாங்கியவர்கள் பலர் இன்று ரிட்டயர்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடிய கார்கள் இப்போது காய்கறி வாங்கப் போகின்றன. உங்கள் வீட்டு போர்டிகோவிலும் ஒன்று நிற்கிறது என்றால், மெக்கானிக் எங்களுக்குச் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு இரண்டு முறையாவது ஹைவேயில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளிப்போடாமல் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டர்போவின் தண்டு மிதப்பதே அந்த ஆயிலில்தான். வேகமாக ஓடி வந்து நின்றதும் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள். பெரிய எஸ்டிமேட் கொடுத்தால் ‘எந்த டெஸ்ட்டை வைத்துச் சொல்கிறீர்கள்? அதைக் காட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த வருடம் காருக்கு 15 வயது. தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய் ஆர்.சி.யைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். கட்டணமாக 5,000 ரூபாயை அப்பா இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டார். சேலத்துக்குச் சொந்தக் காரில் போகிறார்கள். வரும் வழியில் ராசிபுரத்தில் சித்தி வீட்டில் ஒரு காபி.

நோட்டை மட்டும் அப்பா விடவில்லை. போன மாதம் அம்மா அலுத்துக்கொண்டார். ‘காருக்கு எழுதற மாதிரி என் முட்டிக்கு ஒரு நோட்டு போட்டிருந்தா எப்பவோ சரியாயிருக்கும்.’ அப்பா நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து கட்டம் போட ஆரம்பித்தார். தேதி, நேரம், படி ஏறும்போதா இறங்கும்போதா, காலையிலா ராத்திரியிலா. இந்த முறை பிசியோதெரபிஸ்ட் அதை முழுசாகப் படித்துவிட்டு, இறங்கும்போதுதான் வலி அதிகம் என்பதைப் பார்த்து, அம்மாவின் பயிற்சிகளில் இரண்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.